இரண்டு கையெழுத்து

மஞ்சக்குப்பம், கடலூர்
பிப்ரவரி 12

அன்புள்ள மச்சானுக்கு அறிவழகன் வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கை இளவரசியும் கயல்விழியும் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்கள் சுகமும் சந்திரலேகா அக்காவின் சுகமும் அறிய வேண்டும். உங்கள் காது இப்போது எப்படி இருக்கிறது?

காகிதத்தில் எழுதிக் கொடுக்காத வேலைக்கு நீங்கள் தகடு வெட்டுவதில்லை என்பது சிதம்பரத்துக்கே தெரியும். அதனால் முறைப்படி எழுதுகிறேன். நம் ஆம்னி வேனை, சனி ஞாயிறுகளில் எங்காவது போய் அதிலேயே தங்குகிற மாதிரி மாற்றித் தர வேண்டும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கயலுக்கு வந்த ஆசை இது. அவளுக்கு ஏப்ரலில் ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிகிறது. மே முதல் சனிக்கிழமை பிச்சாவரம் பக்கம் போவதாகப் போன வருடமே வாக்குக் கொடுத்துவிட்டேன். இளவரசிக்குச் சனிக்கிழமை தபால் ஆபீஸ் உண்டு என்பதால் முதல் தடவை நானும் கயலும் மட்டும்தான்.

பின் சீட்டுகளைக் கழற்றி மடக்குக் கட்டில் போட வேண்டும். ஜன்னலுக்குக் கொசுவலை. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு வைக்க ஒரு பலகை. முன்பக்கம் இடது ஓரத்தில் ஒரு உரசல் இருக்கிறது, புதுச்சேரிக் கல்யாணத்துக்குப் போனபோது ஒரு மினி பஸ்காரன் தேய்த்துவிட்டான். அதையும் தட்டிவிடுங்கள்.

வண்டியை எங்கள் தெரு ஆண்டி ஓட்டி வந்து விடுவார். ஆலையில் கரும்பு சீசன், எனக்கு லீவு இல்லை. அவசரமே இல்லை மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம்.

அறிவழகன்

*

சிதம்பரம்
பிப்ரவரி 21

அன்பு மாப்பிள்ளைக்கு, பட்டறைத் தூசியிலிருந்து ஞானசேகரன். நாங்கள் நலம். காதைக் கேட்டீர்கள். வலது காது ரிட்டயர் ஆகிவிட்டது, இடது காது எக்ஸ்டென்ஷனில் ஓடுகிறது. கிரைண்டர் சத்தத்தில் போன் பேசி, ஒரு பாவப்பட்ட மனுஷனின் வேன் கூரையைத் தப்பாக வெட்டிய நாளிலிருந்து எனக்குக் காகிதம்தான் எல்லாம். செல்போனை உங்கள் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அதில் வருகிற சேதி எனக்குக் கேட்கிறதோ இல்லையோ, சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்குக் கேட்டுவிடுகிறது.

வண்டி வந்து சேர்ந்தது. அளவெடுத்தாயிற்று. கட்டிலில் உங்கள் உயரத்துக்குக் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சந்தேகம். மினி பஸ் தேய்த்தால் பெயிண்ட் ஒட்டும். இதில் சிமெண்ட் ஒட்டியிருக்கிறது. கட்டிடம் ஏதாவது குறுக்கே ஓடி வந்ததா மாப்பிள்ளை? முப்பது வருடமாகத் தகடு தட்டுகிறவனிடமா கதை விடுகிறீர்கள்? சரி, தங்கைக்குத் தெரியாமல் தட்டி நேராக்கிவிடுகிறேன்.

ஒரு மாதத்தில் முடியும். கயல் கண்ணுவுக்கு மாமாவின் முத்தம்.

ஞானசேகரன்

*

மஞ்சக்குப்பம்
மார்ச் 6

அண்ணனுக்கு இளவரசி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்கு முட்டி வலி தேவலையா?

தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பட்டறை விலாசத்துக்கு அனுப்புகிறேன், அண்ணியிடம் காட்ட வேண்டாம். நேரில் வந்தே சொல்லலாம். ஆனால் உங்களிடம் ஒரு ரகசியம் சொல்வதென்றால் தெருவுக்கே கேட்கக் கத்த வேண்டுமே.

ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டிக்குள் இடது பக்கம் முழுக்க ஒரு அலமாரி வேண்டும். பிளைவுட்டில், சின்னச் சின்னக் கதவுகள் வைத்து. அதற்கு எத்தனை நாள் ஆகும்? நாள் ஆனால் ஆகட்டும். மே மாதம் தாண்டினாலும் பரவாயில்லை. வெயில் காலத்தில் வண்டிக்குள் படுத்தால் குழந்தைக்கு வேர்க்குரு வரும் என்று நீங்களே அவருக்கு எழுதுங்களேன். நான் சொன்னதாக வேண்டாம்.

இந்தக் கவரில் வண்டியின் இன்னொரு சாவியை வைத்திருக்கிறேன். உங்களிடமே இருக்கட்டும். வீட்டில் இருந்தால் தொலைந்துவிடும்.

பதிலை ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

உங்கள் தங்கை
இளவரசி

*

சிதம்பரம்
மார்ச் 15

அன்புத் தங்கைக்கு அண்ணன். இங்கே சுகம். உன் அண்ணியின் முட்டி அவளைப் போலவே இருக்கிறது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

சாவி கிடைத்தது. தொலைந்துவிடும் என்று பயந்து சாவியைத் தபாலில் அனுப்பியவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான், அதுவும் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள். அலமாரிக்குப் பத்து நாள் போதும். வேர்க்குரு பற்றி நான் எழுத மாட்டேன். கடலூர் வெயிலில் பிறந்த குழந்தைக்கு வேர்க்குருவைக் காட்டியா பயமுறுத்துவாய்?

என்னம்மா விஷயம்? சின்ன வயதில் ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டு, பள்ளிக்கூடமே லீவு என்று சொன்னாயே, அதே மாதிரி எழுதியிருக்கிறாய். எதுவாக இருந்தாலும் எழுது.

அண்ணன்

*

நெல்லிக்குப்பம்
மார்ச் 27

அன்புள்ள மச்சானுக்கு வணக்கம். எல்லோரும் நலம். அக்காவின் முட்டி வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இதை ஆலை கேட்டில் இருந்து எழுதுகிறேன். கரும்பு டிராக்டர்கள் ஆல மரம் வரை வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் டோக்கன் கொடுப்பது நான்தான். பதிலையும் இந்த விலாசத்துக்கே எழுதுங்கள், இளவரசிக்குத் தெரிய வேண்டாம்.

வண்டியில் இன்னும் சில வேலைகள். கூரையைத் திறந்து ஒரு காற்றாடி. தரை முழுக்க ரப்பர் ஷீட். அதற்காக எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டுமென்றால் கழற்றிவிடுங்கள். இன்ஜினையும் ஒரு தடவை இறக்கிப் பார்த்தால் தேவலை. ஜூன், ஜூலை ஆனாலும் நான் கேட்க மாட்டேன். கயலிடம் மட்டும் 'மாமா இன்னும் முடிக்கலையாம்' என்று சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேறொன்று. உங்களுக்குப் பழக்கமான டிரைவர்களில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர் யாராவது உண்டா? ஆலையில் ஒருவர் விசாரித்தார்.

அறிவழகன்

*

சிதம்பரம்
ஏப்ரல் 24

அன்பு மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும் சேர்த்து ஞானசேகரன் எழுதுவது. இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

ஆளுக்கு ஒரு பக்கம் இருந்து வேலையை இழுக்கச் சொல்கிறீர்கள். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லவும் கூடாதாம். புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் என் பட்டறையில் ஒரு வண்டி ரெண்டு மாதத்துக்கு மேலாக இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உங்களுக்குள் என்ன மனஸ்தாபம் என்று நான் கேட்கவில்லை. ஒரு தடவை அந்த வண்டியில் ஏறி ஊர் சுற்றி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

கட்டில், அலமாரி, காற்றாடி, ரப்பர் ஷீட், எல்லாம் முடிந்தது. இன்ஜினை இறக்கவில்லை, அது என் வேலையும் இல்லை. மே இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே ஓட்டி வந்து வீட்டு வாசலில் விடுகிறேன். சனிக்கிழமை காலை மாப்பிள்ளையும் கயலும் கிளம்ப வேண்டியதுதான். உங்கள் அண்ணி கயலுக்குப் போனில் சொல்லிவிட்டாள். குழந்தை குதிக்கிறதாம்.

மற்றவை நேரில்.

ஞானசேகரன்

*

மஞ்சக்குப்பம்
ஏப்ரல் 28

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். புதன் அல்லது வியாழன் உங்கள் கைக்கு வர வேண்டும். வண்டியைக் கொண்டு வராதீர்கள்.

எங்களுக்குள் சண்டை இல்லை. அவர் எதற்காக வேலையை இழுக்கச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, கேட்கப் பயம். பிப்ரவரி மாதம் புதுச்சேரிக் கல்யாணம் முடிந்து திரும்பினோமே, அன்று கயல் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் முன் சீட்டில். பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஏதோ கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருக்கிறது. வாய் எதையோ மென்றுகொண்டிருக்கிறது. ஒரு கை ஸ்டீயரிங்கில், இன்னொரு கை சட்டைப் பித்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றுகிறது. கூப்பிட்டேன். தொட்டேன். ஆள் அங்கே இல்லை அண்ணா. வண்டி பாலத்துச் சுவரில் தேய்த்துக்கொண்டே போனது. நான்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தேன். எதிரே வந்த லாரிக்காரன் எப்படித் தப்பித்துப் போனான் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவருக்கு நினைவு திரும்புகிறது என்று தெரிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிற மாதிரி நடித்தேன். என் முகத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அப்போது மூடிய வாயை இதுவரை திறக்கவில்லை.

அடுத்த வாரம் வீட்டில் காப்பி குடிக்கும்போது மறுபடி வந்தது. அவருடைய பெரியப்பாவுக்கு வலிப்பு. வரும்போதெல்லாம் கையில் இரும்பைத் திணிப்பார்கள் என்று என் மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதற்றத்தில் கைக்குக் கிடைத்தது ஆணியில் தொங்கிய வண்டிச் சாவிதான். அதை அவர் கையில் வைத்து மூடிப் பிடித்துக்கொண்டேன். தெளிகிற நேரத்தில் அடுக்களைக்கு ஓடிவிட்டேன்.

அந்தப் பெரியப்பாவைக் கடைசி வரை ஒரு அறையில் வைத்திருந்தார்கள். வலிப்பு என்கிற பெயரைச் சொன்னாலே இவர் எழுந்து போய்விடுவார். டாக்டரிடம் போகலாம் என்று பொதுவாக ஒரு தடவை சொன்னதற்கே நாலு நாள் பேசவில்லை. தினமும் அவர் பஸ் ஏறிப் போனால் திரும்பி வரும் வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. சனிக்கிழமை அவரும் என் குழந்தையும் மட்டும் அந்த வண்டியில். அண்ணா, பின்கதவை உடைத்தாவது வையுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். அவரிடம் மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள்.

இளவரசி

*

நெல்லிக்குப்பம்
ஏப்ரல் 29

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் நல்லபடி இருக்க வேண்டும். ஒரு உதவி. வண்டியை விற்றுவிடுங்கள். பட்டறையில் தீப்பிடித்தது, திருடு போனது, என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நானும் ஆமாம் என்கிறேன். வெள்ளிக்கிழமை அது என் வாசலில் நிற்கக் கூடாது.

நீங்கள் சிமெண்ட் என்று எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். ரெட்டிச்சாவடி டீக்கடை வெளிச்சத்தைத் தாண்டியது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த நினைவு ஆல்பேட்டை. நடுவில் ஒரு பாலம் இருக்கிறது மச்சான். அதை யார் ஓட்டித் தாண்டியது என்று எனக்குத் தெரியாது. இளவரசி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அது ஒன்றுதான் ஆறுதல். அவளும் வேலையை இழுக்கச் சொன்னது குழந்தையை வெளியூர் அனுப்ப மனமில்லாமல் இருக்கும்.

தூக்கம் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பார்த்தால் காப்பி ஆறிக் கிடக்கிறது, என் கைக்குள் வண்டிச் சாவி. நான் எழுந்திருக்கவில்லை, சாவியை எடுக்கவில்லை. ஆனால் எடுத்திருக்கிறேன். எனக்கே தெரியாமல் வண்டியை எடுக்கக் கிளம்பியிருக்கிறேன் மச்சான். இன்னொரு நாள் கிளம்பி, கயலையும் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டால் என்ன ஆகும்? மறுநாளே ஆண்டியிடம் சொல்லி வண்டியை உங்களிடம் அனுப்பினேன். பிச்சாவரம், கட்டில், கொசுவலை எல்லாம் அதற்குத்தான். உங்கள் பட்டறைக் கதவுக்கு உள்ளே இருக்கிற வரைக்கும் குழந்தைக்கு ஆபத்தில்லை என்று நினைத்தேன்.

போன மாதம் ஆலை கேட்டில் தமிழ்மணி என்கிற செக்யூரிட்டி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னா சார், கூப்டக் கூப்டப் பாத்துக்கினே இருக்கீங்க, டோக்கன் குடுக்க மாட்றீங்க?" என்றார். பத்து டிராக்டர்காரர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்து மழுப்பினேன். இது என்னவென்று எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு நான்தான் சின்ன வயதில் அந்த அறைக்குச் சாப்பாடு கொண்டு போவேன்.

கயல் காலண்டரில் மே மூன்றாம் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அதைப் பார்க்காமல் இருக்க நான் வேறு பக்கம் திரும்பிச் சாப்பிடுகிறேன். இளவரசிக்குத் தெரிந்தால் அவள் உடைந்துபோவாள். உங்கள் தங்கை மேல் ஆணை, சொல்லிவிடாதீர்கள்.

அறிவழகன்

*

சிதம்பரம்
மே 3

மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும் ஞானசேகரன். இரண்டு கவர் போடுகிறேன், ஒன்று ஆலைக்கு, ஒன்று தபால் ஆபீசுக்கு. இரண்டிலும் இதே கடிதம்தான்.

வண்டி வராததால் நேற்றுக் கயல் அழுததாகச் சந்திரலேகா சொன்னாள். அழட்டும். இன்று சனிக்கிழமை அவள் வீட்டில் இருக்கிறாள், அது போதும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. நீங்கள்தான் ஆளுக்கு ஒரு காகிதம் எழுதினீர்கள். மாப்பிள்ளை, உங்கள் கவருக்குள் இளவரசி எனக்கு எழுதியது இருக்கிறது. இளவரசி, உன் கவருக்குள் மாப்பிள்ளை எழுதியது இருக்கிறது. நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. படியுங்கள். சாவியைப் பற்றி இரண்டிலும் இருக்கிறது, அதை இரண்டு தடவை படியுங்கள்.

என்மேல் கோபம் வந்தால் வரட்டும். இனிமேல் அந்த வண்டியில் ஒரு திருகு மாட்ட வேண்டுமென்றாலும் காகிதத்தில் உங்கள் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஒற்றைக் கையெழுத்துக்கு நான் இனி வேலை செய்வதாக இல்லை.

ஞானசேகரன்

*

சிதம்பரம்
மே 17

அன்புள்ள இருவருக்கும்,

பதினான்கு நாளாகிறது. ஒரு வரி இல்லை. சந்திரலேகா போன் செய்தால் கயல்தான் எடுக்கிறாள். அப்பாவும் அம்மாவும் வெளியே போயிருக்கிறார்கள் என்கிறாள். நேற்றும் அதையே சொன்னாள். எங்கே என்று கேட்டால் தெரியாதாம்.

கிளம்பி வந்துவிடலாம் என்று இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். எந்த முகத்தோடு வருவது? தகட்டை வெட்டுகிற மாதிரி வெட்டிவிட்டேனோ என்று இருக்கிறது. தகடு என்றால் தப்பாக வெட்டினால் வேறு தகடு இருக்கும். என்னால் மாப்பிள்ளை அவமானப்பட்டு ஏதாவது செய்துகொண்டிருந்தால்? இன்று பட்டறையைப் பூட்டிவிட்டு வண்டிக்குள் அந்தக் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது இளவரசி.

திட்டியாவது ஒரு கார்டு போடு.

அண்ணன்

*

மஞ்சக்குப்பம்
மே 26

அன்புள்ள மச்சானுக்கு அறிவழகனும் இளவரசியும் எழுதுவது. எழுதுகிற கை என்னுடையது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். நாங்கள் இருக்கிறோம். உங்களை இருபது நாளுக்கு மேல் தவிக்கவிட்டதற்கு மன்னியுங்கள். கடிதம் எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது என்று இவளும், வெட்கமாக இருக்கிறது என்று நானும் தள்ளிப்போட்டோம்.

உங்கள் கவரை ஆலை கேட்டிலேயே பிரித்தேன். இவள் எழுதியதைப் படித்து முடித்ததும் டோக்கன் புத்தகத்தைத் தமிழ்மணியிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தால் இவளும் ஆபீசிலிருந்து பாதியில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அந்தச் சாவிய என் கையில வச்சது நீயா?"

"இரும்பு குடுத்தா அடங்கும்னு சொல்லுவாங்களே, அதாங்க வச்சேன்."

மூன்று மாதம் நான் அந்தச் சாவிக்குப் பயந்தேன் மச்சான். இவள் வைத்தது என்று தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தூங்குகிறாள் என்று நான் நினைத்தவள்தான் அன்று பாலத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறாள்.

நாங்கள் போய்வந்தது ஆஸ்பத்திரிக்குத்தான். தலையில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். வலிப்பில் இதுவும் ஒரு வகையாம். மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும். இரும்பால் எந்தப் பயனும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது இவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சொல்லும் வரை நான் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. ஆலையில் சொல்லிவிட்டேன், கேட்டிலிருந்து உள்ளே மேஜை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கயலிடமும் சொன்னோம். பெரியப்பாவுக்கு இருந்த அறை என் வீட்டில் இருக்காது என்று இவள் சொல்லிவிட்டாள்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். போன செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது மறுபடி வந்தது. தெளிந்தபோது இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கயலிடம் மோர் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுக்களைக்கு ஓடவில்லை. அன்று முழுக்க மூன்று பேரும் பயந்துதான் இருந்தோம், ஆனால் யாரும் நடிக்கவில்லை.

வண்டியை விற்க வேண்டாம். அதில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, உங்கள் முறைப்படியே எழுதித் தருகிறோம்.

டிரைவர் சீட்டை அடியில் ரெயிலோடு கழற்றி நான்கு விரற்கடை முன்னால் தள்ளிப் போடவும். இரண்டு அங்குலம் உயர்த்தவும். இளவரசிக்குப் பிரேக்கில் கால் எட்ட வேண்டும். ஒரு வாரமாக மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் டிரைவிங் ஸ்கூல் காரில் பழகுகிறாள். இரண்டாவது கியர் போடும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று சொல்லிக்கொடுக்கிறவர் புகார் சொன்னார். லைசென்ஸ் வந்த பிறகுதான் பிச்சாவரம், கயல் காலண்டரில் வட்டத்தை அழித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.

இன்னொரு சாவி உங்களிடமே இருக்கட்டும். இவள் வந்து வாங்கிக்கொள்வாள்.

அக்காவுக்குத் தைலத்தை இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறோம். காதுக்குப் பஞ்சும்.

இப்படிக்கு,

அறிவழகன்
இளவரசி